பூட்டிய முட்டி

என் கணவர் தவறிப்போன பிறகு எனக்கு அழுகை வரவில்லை. அடக்கிக்கொண்டேன் என்று சொன்னால் பெருமையாக இருக்கும், அப்படியெல்லாம் இல்லை. வரவில்லை, அவ்வளவுதான். சீக்கிரமே மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலைக்குத் திரும்பி, வருகிறவர்களை உட்காரவைத்து, "ஒரே இடத்தப் பாருங்க, கண்ணச் சிமிட்டாதீங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன். குளியலறை பல்பு ஃபியூஸாகி மாசக்கணக்காகிறது. இருட்டிலேயே குளிக்கிறேன். அதுவும் என்னை ஒன்றும் செய்யவில்லை.

என் நாத்தனார் இதற்கு நேர்மாறு. அண்ணன் பேச்சை எடுத்தாலே தாரை தாரையாக ஊற்றும் அவளுக்கு. ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டே விட்டாள்.

"அண்ணி, நிஜத்தச் சொல்லுங்க. எங்க அண்ணன் மேல உங்களுக்குப் பாசம் இருந்துச்சா, இல்லையா?"

"காப்பி ஆறுது, குடி" என்றேன். எனக்கே தெரியவில்லை என்பதுதான் என் பயம். இத்தனை வருஷமும் ஒரு வீட்டில் சும்மா குடியிருந்துவிட்டு வந்திருக்கிறேனா?

கேட்டது அவளுக்கே உறுத்தியதோ என்னவோ, கொஞ்ச நாளில் என்னையும் இழுத்துக்கொண்டு பாலே நடன வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். புதிதாகக் கற்கும் பெரியவர்களுக்கான வகுப்பு. நாற்பதைத் தாண்டிய இரண்டு பேர், உடம்போடு ஒட்டிய கால்சட்டையில். சுவர்க்கண்ணாடியில் பார்த்து நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அதுவும் வரவில்லை.

சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு செய்தவரை வகுப்பிலேயே நான்தான் கெட்டி. மற்றவர்கள் ஒற்றைக் காலில் தள்ளாடுவார்கள், நான் ஆணி அடித்தாற்போல் நிற்பேன்.

"இந்த அக்காவப் பாருங்க, அசையவே இல்ல" என்பாள் டீச்சர். எங்களைவிட ரொம்பச் சின்னவள்.

நாத்தனாரின் முகம் சுருங்கிவிடும். நான் அசையாதவள் என்று அவளுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று கம்பியை விட்டுவிட்டு எல்லோரும் நடு ஹாலுக்கு வரவேண்டும் என்றாள் டீச்சர். ஒரு காலைத் தூக்கி, பாதத்தை மற்ற காலின் முட்டியருகே ஒட்டிவைத்து நிற்க வேண்டும். கண்ணுக்கு நேராக ஏதாவது ஒன்றைப் பார்க்கலாம். நான் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தேன். காலைத் தூக்கியதும் சாத்திவைத்த பலகை போல அப்படியே சாய்ந்தேன். மறுபடி தூக்கினேன், மறுபடி சாய்ந்தேன். தள்ளாடிகள் எல்லாம் எப்படியோ நின்றுகொண்டிருந்தார்கள். எரிச்சலாக வந்தது.

டீச்சர் வந்து என் முட்டியின் பின்பக்கம் விரலால் தட்டினாள்.

"முட்டியப் பூட்டி வச்சிருக்கீங்கக்கா. கம்பியப் பிடிச்சிருந்ததால எனக்கும் தெரியல. கொஞ்சம் தளர்த்துங்க. கணுக்கால் ஆடும், ஆடட்டும். அது ஆடுனாத்தான் நீங்க விழ மாட்டீங்க."

தளர்த்தினேன். கணுக்கால் வெடவெடவென்று ஆடியது. இந்த ஆட்டம் எனக்குத் தெரியும்.

பல்பு மாற்ற அவர் ஸ்டூலில் ஏறுவார். முழங்கால் உயர ஸ்டூல்தான். அதற்கே மனுஷனுக்குக் கைகால் உதறும். நான் கீழே நின்று அவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்வேன். என் கைக்குள் அது இப்படியேதான் ஆடும்.

"பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன்."

"விட்டுடாத."

"ஐய, சீக்கிரம் முடிச்சிட்டு இறங்குங்க!"

ஒவ்வொரு பல்புக்கும் இதே பேச்சு. அவர் கால் சூடாக இருக்கும்.

காலைக் கீழே வைக்க மறந்து நின்றேன். ஆட்டம் தொடைக்கு ஏறி, வயிற்றுக்கு ஏறி, உதட்டுக்கு வந்துவிட்டது. தாழ்ப்பாள் கலங்கித் தெரிந்தது. "பிடிச்சிருக்கேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நாத்தனார் ஓடிவந்து என்னைத் தாங்கிக்கொண்டாள்.

"என்னாச்சு அண்ணி? கால் பிசகிடுச்சா?"

"இருந்துச்சுடி" என்றேன். "ரொம்ப இருந்துச்சு."