மாட்டுப் பெயர்தான் என்று ஒரு சான்று

பெர்வான்ஷ் தன் பெயரை யாரிடமும் முழுக் குரலில் சொன்னதில்லை. இருபத்தாறு வயதாகிறது, இன்றைக்கும் யாராவது பெயர் கேட்டால் குரல் தானாக இறங்கிவிடும். லியோன் நகரத்தில் அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில், சட்டையில் குத்தியிருக்கும் பெயர் வில்லையில்கூட முதல் எழுத்தும் ஒரு புள்ளியும்தான். பள்ளிக்கூடத்தில் பட்ட பாடு கொஞ்சமா? அது ஒரு நீலப் பூவின் பெயர், பார்க்கப்போனால் நல்ல பெயர்தான். ஆனால் தெருவில் வண்டிகளுக்கு அபராதச் சீட்டு எழுதும் நீலச் சீருடைப் பெண்களுக்கும் ஜனங்கள் அதே பெயரை வைத்துத் தொலைத்திருந்தார்கள். "எனக்கொரு சீட்டு எழுதிக் குடேன்" என்று பையன்கள் பின்னாலேயே வருவார்கள்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது போன ஞாயிற்றுக்கிழமை. கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. மாப்பிள்ளை லொயிக் வீட்டில் அவளை எல்லாரும் 'பெர்' என்றே கூப்பிட்டுப் பழகியிருந்தார்கள். அன்றைக்கு அழைப்பிதழில் முழுப் பெயரைப் பார்த்த அவனுடைய அப்பா, சாப்பாட்டு மேசையில் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பெர்வான்ஷா? எங்க தாத்தா கொட்டகையில அந்தப் பேர்ல ஒரு மாடு நின்னுச்சும்மா! நல்லா கறக்கும்!"

மேசையே சிரித்தது. லொயிக்கும் ஒரு நொடி சிரித்துவிட்டுப் பிறகுதான் நிறுத்தினான். அந்த ஒரு நொடியை அவளால் மன்னிக்க முடியவில்லை. கல்யாணத்தன்று மேயர் எழுந்து நின்று, பிறப்புப் பதிவில் இருக்கிற பெயரை நூற்றிருபது பேர் முன்னால் வாசிப்பாரே! அதற்குள் பெயரை மாற்றியே தீர்வது என்று அன்றிரவே முடிவு கட்டினாள். எலீஸ். செத்துப்போன அம்மா அவளுக்கு வைக்க நினைத்திருந்த பெயர் அதுதான்.

பிறந்த ஊரிலேயே விண்ணப்பம் கொடுக்கலாம் என்று சட்டம் சொன்னது. அதனால்தான் செவ்வாய்க்கிழமை காலை லியோனிலிருந்து பஸ் பிடித்து, ஓர்ஷான் கிராமத்தின் தேவாலயத்துக்கு எதிரே வந்து இறங்கினாள். ஒரு ஈ காக்கை இல்லை. ரொட்டிக் கடைக்காரி கதவைச் சாத்திவிட்டு எங்கோ போயிருந்தாள். ஒரு பூனை மட்டும் அவளைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

தான் பிறந்த கதை அவளுக்குத் தெரியும். ஜனவரிப் பனியில் அம்மாவின் கார் சறுக்கிக் குழியில் இறங்கியது. பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு வீடு, ஒரு மாட்டுக்காரருடையது. அவருடைய சமையலறையிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. ரத்தப்போக்கு நிற்காத அம்மாவையும் குழந்தையையும் ஆம்புலன்ஸ் லியோனுக்குக் கொண்டுபோனது. ஒன்பது நாள் கழித்து அம்மாவுக்கு நினைவு வந்தபோது குழந்தைக்குப் பெயர் பதிவாகியிருந்தது. "அந்த மனுஷனுக்கு ஒரு நன்றி சொல்லணும், போகணும், போகணும்" என்று அம்மா ஒவ்வொரு வசந்தத்திலும் சொன்னாள். முக்கால் மணி நேரப் பயணம், கடைசிவரை போகவேயில்லை. இரண்டு வருஷம் முன்னால் அந்த ஆசையோடேயே போய்ச் சேர்ந்தாள்.

ஊராட்சி அலுவலகம் செவ்வாயும் வெள்ளியும் காலையில் மட்டும் திறக்கும். செயலாளர் மதாம் திவோலே மூக்குக்கண்ணாடியை இறக்கி விண்ணப்பத்தைப் படித்தாள்.

"காரணம்னு போட்ட இடத்துல என்னம்மா எழுதியிருக்க? 'இது மாட்டுப் பெயர்' அப்படின்னா?"

"மாட்டுப் பேர்தானே மதாம்?"

"மாட்டுப் பேருதான், நான் இல்லைன்னா சொன்னேன்? ஆனா மேயர் சாட்சி கேப்பாரு." பெரிய பதிவேட்டைத் தூக்கி வந்து புரட்டினாள். "ஆங், இதோ. எழுபத்தொண்ணுக்கு அப்புறம் இந்த ஊர்ல பொறந்தது நீ ஒருத்திதான், தெரியுமா? எல்லாரும் சாகறதுக்குத்தான் இங்க வராங்க. பதிஞ்சது ஃபிர்மேன் கொனார். அடப்பாவி, ஃபிர்மேனா!"

"உயிரோட இருக்காரா?"

"எழுபத்தஞ்சு வயசு. மூணு மாட்டை வச்சுக்கிட்டு இன்னும் அடம் பிடிக்குது. தேவாலயத்துக்குப் பின்னாடிதான். பேரு வச்சவரே 'ஆமா, மாட்டுப் பேருதான்'னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தா அதைவிட சாட்சி வேற என்ன வேணும்? ஓடு. பன்னெண்டு மணிக்கு நான் கதவைப் பூட்டிடுவேன், அப்புறம் வெள்ளிக்கிழமைதான். வெள்ளிக்கிழமைன்னா உன் கல்யாண அறிவிப்பு ஒட்டற தேதி தாண்டிடும்."

மணி பதினொன்று அடிக்கிறபோது பெர்வான்ஷ் அந்த முற்றத்தில் நின்றாள். நீல மேலங்கி போட்ட ஒரு கிழவர் வாளியோடு வெளியே வந்தார்.

"சோலார் பலகை விக்க வந்திருந்தா அப்படியே திரும்பிப் போயிடு."

"இல்லீங்க. நான் இந்த ஊர்ல பொறந்தவ."

"இந்த ஊர்ல யாரு பொறக்கறா?" என்று சொல்லிக்கொண்டே போனவர் நின்றார். வாளியைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றினார். "தொண்ணூத்தொம்போது ஜனவரியா?"

அவள் தலையசைத்தாள். ஃபிர்மேன் அவளைச் சுற்றி ஒரு நடை நடந்து, சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லாத்தான் வளந்திருக்க. வந்தப்போ மூணு கிலோ நானூறு. மாவுத் தராசுல நான்தான் நிறுத்தேன். கத்தின கத்துல கொட்டகையில பால் வத்திப்போச்சு! அம்மா எப்படி இருக்கா?"

அம்மா இல்லை என்று சொன்னாள். கிழவர் தொப்பியை மறுபடி போட்டுக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது. "உள்ள வா" என்றார்.

அதே சமையலறை, அதே மேசை. அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். உயிரோடு வெளியே எடுத்த மனிதரிடம் வந்து, நீ வைத்த பெயர் கேவலம் என்று எழுதிக் கொடு என்பதா? ஆனால் மணி பதினொன்றேகால். ஃபிர்மேன் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மாமனார் சிரிச்சாராக்கும்" என்றார் கடைசியில். "சரி. உள்ளதுதானே, எழுதித் தரேன். எனக்கு எழுத வராது, நேரமாகும். நீ போய் மாடுகளைப் பாரு. பக்கத்துல நின்னா எனக்கு ஓடாது."

கொட்டகையில் ஒரு கரும்பலகை தொங்கியது. மேலே பெரிதாக 'அ'. அதன் கீழே இந்த வருஷம் பிறந்த ஒரே கன்றின் பெயர்: அமந்தின். வருஷத்துக்கு ஒரு எழுத்து, இருபது எழுத்து முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. அந்த வருஷக் கன்றுக்கெல்லாம் அந்த எழுத்தில்தான் பெயர். நாடு முழுக்க மாட்டுக்காரர்களுக்கு அதுதான் வழக்கம். பெர்வான்ஷ் மனதுக்குள் பின்னோக்கி எண்ணிப் பார்த்தாள். தொண்ணூற்றொன்பதுக்கு 'ப'. அட கஷ்டமே! பூவைப் பார்த்து வைத்த பெயர்கூட இல்லை. கன்றுக்குட்டிக் கணக்கில் தன்னையும் சேர்த்துவிட்டார் என்று நினைத்தபோது காது சுட்டது. இனி எழுதித் தருவதை வாங்கிக்கொண்டு ஓடிவிட வேண்டியதுதான்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் அவர் தாளை நான்காக மடித்துக் கொடுத்தார். "ஓடு. அந்தம்மாவுக்குப் பசி வந்துட்டா யாரையும் பாக்க மாட்டா."

அவள் ஓடினாள். அலுவலகப் படியில் ஏறும்போதுதான், படிக்காமல் எப்படிக் கொடுப்பது என்று தோன்றியது. அங்கேயே உட்கார்ந்து பிரித்தாள். எழுத்து ஏர் உழுத மாதிரி கோணல்மாணலாக ஓடியது.

"மேயர் அவர்களுக்கு. பெர்வான்ஷ் என்பது மாட்டுப் பெயர் என்று ஃபிர்மேன் கொனார் ஆகிய நான் சான்று தருகிறேன். அது 'ப' வருஷம். என் மந்தையில் நுவாசெத் மாதிரி ஒரு மாடு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவள் சினையாக இருந்தாள். அவள் கன்றுக்கென்று அந்தப் பெயரை இலையுதிர்காலத்திலிருந்தே எடுத்து வைத்திருந்தேன். அப்போதுதான் இந்தப் பெண் வந்து பிறந்தாள். மூன்று நாளுக்குள் பதியாவிட்டால் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன், தாய்க்கு நினைவில்லை, பிழைக்க மாட்டாள் என்றார்கள். கேட்க ஆள் இல்லை. பெயர் இல்லாமல் பிள்ளை இருக்கக் கூடாது. என்னிடம் இருந்ததில் நல்ல பெயரைக் கொடுத்தேன். நுவாசெத் மறுநாள் கன்று போட்டாள். 'ப'வில் வேறு எதுவும் தோன்றாமல் அதற்கு உருளைக்கிழங்கின் பெயரை வைத்தேன். இருபது வருஷம் கழித்து 'ப' திரும்ப வந்தது. நல்ல கன்று ஒன்றும் பிறந்தது. அந்தப் பெயரை வைக்கவில்லை. அது கொடுத்தாகிவிட்டது. அந்தப் பெண் விரும்பினால் மாற்றிக்கொள்ளட்டும், எனக்கு வருத்தம் இல்லை."

கடைசி வரி மட்டும் பொய் என்று பார்த்தாலே தெரிந்தது. அங்கேதான் பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்திருந்தது.

தேவாலய மணி பன்னிரண்டு அடித்தது. மதாம் திவோலே சாவியோடு வெளியே வந்தாள்.

"குடு குடு சீக்கிரம்! அடுப்புல வச்சது கருகிடும்."

பெர்வான்ஷ் தாளைப் பைக்குள் பத்திரமாக வைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"மதாம், கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடறவருக்கு என்னென்ன தாள் வேணும்?"

"அடையாள அட்டை நகல் ஒண்ணு." மதாம் திவோலே அவள் முகத்தைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். "அதை நாளைக்கே ஃபிர்மேன்கிட்ட வாங்கி நானே அனுப்பறேன், போ" என்று கதவைப் பூட்டினாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த ஊரில் யாரும் யார் கதவையும் தட்டுவதில்லை. அவள் தட்டினாள். கழுத்தில் துணியோடு, கையில் கரண்டியோடு ஃபிர்மேன் திறந்தார்.

"என்ன, தப்பும் தவறுமா எழுதிட்டேனா?"

"அம்மா உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருபத்து நாலு வருஷம் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. வரல. நானும் அதுக்கு வரல, உங்களுக்கே தெரியும். இப்போ சொல்றேன். ரொம்ப நன்றி. எங்க ரெண்டு பேரையும் காப்பாத்தினதுக்கு. அந்தப் பேருக்கும்."

கிழவர் கரண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"எனக்காக ஒருதரம் கையெழுத்துப் போட்டீங்க. ஜூன் பதினாலு இன்னொரு தரம் போடணும், லியோன்ல."

"என்கிட்ட ஒரே ஒரு கோட்டுதான் இருக்கு. சாவுக்குப் போடறது."

"அதையே போட்டுக்கிட்டு வாங்க."

"உள்ள வந்து உக்காரு, சூப்பு ஆறுது" என்று அவர் அலமாரியிலிருந்து இன்னொரு தட்டு எடுத்தார்.

ஜூன் பதினாலாம் தேதி, நகர மன்றத்தின் கல்யாணக் கூடத்தில் நூற்றிருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சாவுக் கோட்டின் பொத்தான் துளையில் ஒரு சின்ன நீலப் பூவைச் செருகிக்கொண்டு ஃபிர்மேன் முதல் வரிசையில் இருந்தார். மேயர் பதிவைக் கையில் எடுத்தார். மணப்பெண்ணின் பெயர் வந்த இடத்தில் அவருக்கே என்னவோ போலிருந்திருக்க வேண்டும். அதை மட்டும் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துவிட்டுத் தாண்டப் பார்த்தார்.

"மன்னிக்கணும்" என்றாள் பெர்வான்ஷ். "என் பேரை இன்னும் கொஞ்சம் சத்தமா வாசிங்க."