மொக்கையன் கற்ற இங்கிலீஷ்

"ஐ வில் மேக் அப் ஃபார் இட்," என்றேன் மறுபடியும்.

"ஐ வில் மேக்கு... அப்புறம்?"

மொக்கையன் கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்திருந்தார். காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணி முடிந்ததும் புதுத் துரையிடம் இதைச் சொல்ல வேண்டும். துரை மனமிரங்காவிட்டால் கங்காணி வேலை போகும். குடும்பத்தோடு போடிக்கு இறங்க வேண்டியதுதான். போன மாதம் சூசையப்பன் கங்காணி இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசித் தப்பித்தாராம்.

"அர்த்தம் என்ன மாப்ள?"

"மேக் என்றால் செய். அப் என்றால் மேலே. ஃபார் இட், அதற்காக. எல்லாம் சேர்ந்தால், செய்த தப்பை ஈடுகட்டுவேன்."

"இதுல ஈடு எங்க இருக்கு?"

"தனியாக எதிலும் இல்லை. சேர்ந்தால்தான் வரும்."

"நம்ம ஆளுக மாதிரிதான். தனியா விட்டா ஒருத்தனும் உருப்பட மாட்டான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அவர் செய்த தப்பு இதுதான்: என் மனைவி மாரித்தாய் பிரசவத்தில் செத்த செய்தி தேயிலைக் காட்டுக்கு வந்ததும் அவருடைய ஆட்கள் கூடையை இறக்கிவிட்டார்கள். பிணம் எடுக்கும்வரை இங்கே யாரும் கொழுந்தைத் தொடுவதில்லை. பறித்த கொழுந்து சாக்கிலேயே சூடேறிச் சிவந்து வீணாகிவிட்டது. பாடைக்கு முன்னால் தோள் கொடுத்தவர் மொக்கையன். அவளும் அவரும் ஒரே ஊர்; அந்த முறையில்தான் நான் அவருக்கு மாப்பிள்ளை.

"இது தப்பே இல்ல. துரைகிட்ட நானே சொல்றேன்," என்றேன்.

"சொல்லி, நீங்களும் ஆபீஸ் கிளார்க்கு வேலைய விட்டுட்டு மூட்டையைக் கட்டவா? பாடத்தைச் சொல்லுங்க."

சொன்னேன். மேக் வந்தால் அப் வரவில்லை. அப் வந்தால் இட் விழுந்தது. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடி ஆரம்பித்தார்.

காலையில் பெரட்டுக்களத்தில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். துரை சிரித்தார். "குட்," என்றவர், என் பக்கம் திரும்பி வேகமாகப் பேசினார். மொக்கையனுக்குப் புரியவில்லை.

"என்ன மாப்ள, பொழச்சேனா?"

"வேலை இருக்கு. ஆனா ஈடுகட்டறதுக்கு வர்ற ஞாயித்துக்கெழமை லீவு கிடையாதாம். எல்லாரும் காட்டுல இறங்கணும். கூலி இல்ல."

"அன்னைக்கில்ல நம்ம மாரித்தாய்க்குக் கருமாதி?"

"ஆமா."

துரை காத்திருந்தார். மொக்கையன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சரி, எறங்குறோம்னு சொல்லுங்க."

இங்கிலீஷில் சொன்னேன். ஒரு சொல்லும் தடுக்கவில்லை.