நோய் எண் இல்லாத தம்பதி

"அண்ணை, நிப்பாட்டுங்கோ! வானை நிப்பாட்டுங்கோ!"

தக்ஷிகா ஓடினாள். மேலங்கி இல்லை. மில்லிக்கன் பிளாசாவின் கார் தரிப்பிடம் முழுக்க பெப்ரவரி ஐஸ். கூரியர் வான் ஸ்டீல்ஸ் வீதிப் பக்கம் திரும்ப சிக்னல் போட்டுவிட்டது. வழுக்கினாள். யாருடைய காரையோ பிடித்து நிமிர்ந்தாள். வானின் பின்கதவில் இரண்டு கைகளாலும் அடித்தாள்.

வான் சாரதி சூசைதாசன் கண்ணாடியை இறக்கினார். "என்ன பிள்ளை, கிளினிக் பத்தியெரியுதோ?"

"இப்ப தந்த என்வலப்பைத் தாங்கோ. உள்ளுக்கிருக்கிற டிஸ்கிலை பிழை."

"கையெழுத்து வைச்சு வாங்கின சாமான். தரேலாது."

"அண்ணை, இது எனக்குப் பதினோராவது நாள். வேலை போயிடும்."

அவர் அவளுடைய நடுங்கும் தோளைப் பார்த்தார். என்வலப்பை நீட்டினார். "அஞ்சு மணிக்குத் திரும்பி வருவன். ஒரு நிமிசமும் நிக்கமாட்டன். போய்க் கோட்டைப் போடும் முதல்லை."

மணி நாலு இருபது.

டொக்டர் மரியரட்ணத்தின் கிளினிக்கில் தக்ஷிகாவின் வேலை எளிமையானது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு துண்டு வரும். டொக்டர் அதில் நோயின் எண்ணை எழுதுவார். தடிமனுக்கு 460. புருஷன் பெண்சாதி பிணக்குக்கு 898. அவள் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். மாதம் முடிய டிஸ்க் அரசாங்கத்துக்குப் போகும். அரசாங்கம் டொக்டருக்குக் காசு அனுப்பும்.

இராசதுரையும் அவர் மனைவி தங்கேஸ்வரியும் இலையுதிர் காலத்திலிருந்து ஒவ்வொரு வியாழனும் மூன்று மணிக்கு வருகிறார்கள். பழைய துண்டுகள் எல்லாவற்றிலும் 898. இந்த மாதத்து நான்கு துண்டுகளிலும் எண் எழுதும் பெட்டி வெறுமை. வெறும் பெட்டியைக் கம்ப்யூட்டர் ஏற்காது. மாதக் கணக்கை முடிக்கும்போது, டொக்டர் மறந்துவிட்டார் என்று நினைத்து, அவளே நான்கு தடவை 898 போட்டுவிட்டாள். போடாமல் என்ன செய்வது? இன்றைக்கும் பூட்டிய கதவுக்குள்ளிருந்து தங்கேஸ்வரி கத்தியது வரவேற்பறை வரை கேட்டதே! "கள்ளம்! பச்சைக் கள்ளம்!"

டிஸ்கைக் கொடுத்துவிட்டு ஜன்னலால் பார்த்தபோதுதான் பிழை தெரிந்தது. அந்த இருவரும் காருக்குள் இருந்தார்கள். இராசதுரை தோடம்பழம் உரித்து ஒவ்வொரு சுளையாக மனைவியின் வாயில் வைத்தார். இருவரும் சிரித்த சிரிப்பில் கண்ணாடியோரம் ஆவி படிந்திருந்தது.

இது 898 இல்லை. அப்படியென்றால் டொக்டரின் பெயரில் இல்லாத நோய்க்குக் காசு கேட்டிருக்கிறாள். அரசாங்கம் பிடித்தால் டொக்டருக்கு வழக்கு. அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

வானிலிருந்து திரும்பும் வழியில் அவர்களுடைய கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"அங்கிள், ஒண்டு கேக்கோணும். உங்களுக்கு என்ன வருத்தம்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"எனக்குச் சீனி வருத்தம்" என்றார் இராசதுரை.

"வியாழக்கிழமை வாற வருத்தம், அங்கிள். அதுக்கு ஒரு நம்பர் போடோணும்."

"உதுக்கு என்னென்ன நம்பர் வைச்சிருக்கிறியள்?"

"மாமன் மாமி பிரச்சினைக்குக்கூட இருக்கு. தொள்ளாயிரம்."

தங்கேஸ்வரி கையைத் தட்டினாள். "கேட்டியளோ! உங்கடை அம்மாவுக்கு இந்த நாட்டிலை நம்பரே குடுத்திருக்கினம்!"

"அதைப் போட்டுவிடு பிள்ளை. அம்மா கோவிக்கமாட்டா."

"பொய் போடேலாது அங்கிள். உள்ளுக்கு என்ன நடக்குது?"

சிரிப்பு நின்றது. தங்கேஸ்வரி குரலைத் தாழ்த்தினாள்.

"இவருக்கு ரெக்ஸ்டேல் பக்கம் இரவு வேலை. நான் விடியப்புறம் பேக்கரிக்குப் போறன். வீட்டிலை மாமி, பிள்ளையள், பேஸ்மென்ரிலை வாடகைக்காரர். கடைக்குப் போனாலும் மாமி வருவா, கோயிலுக்குப் போனாலும் வருவா. டொக்டரிட்டைப் போறம் எண்டால் மட்டும்தான் ஒருத்தரும் கூட வரமாட்டினம். அந்த வியாழக்கிழமையைக் கெடுத்துப்போடாதையம்மா."

"கெடுக்க மாட்டன் அன்ரி. ஆனால் உள்ளுக்கு என்ன நடக்குது?"

"அதை டொக்டரிட்டைக் கேள்" என்றார் இராசதுரை. கண்ணாடி ஏறியது.

நாலு நாற்பது. டொக்டர் ஆஸ்பத்திரியில். அவருடைய பேஜருக்கு அடித்தாள். பத்து நிமிடம் பதில் இல்லை. மேசை விளிம்பைப் பிடித்தபடி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள்.

டொக்டர் கேட்ட முதல் கேள்வி:

"டிஸ்க் போயிட்டுதோ?"

"இல்லை டொக்டர். ஓடிப் பிடிச்சிட்டன்."

"கெட்டிக்காரி! அந்த நாலையும் அழி. பெட்டி வெறுமையா இருந்தால் பில் அனுப்பாதை எண்டு அர்த்தம். முந்தி வேலை செய்த பிள்ளைக்குத் தெரியும், உனக்குச் சொல்ல மறந்துபோனன். பிழை என்ரை."

காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இறுக்கிக்கொண்டு அழித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. டிஸ்க் கரகரவென்று எழுதி முடித்தது. வெளியே ஹோர்ன். "ஒரு நிமிசம் டொக்டர்!" பாய்ந்துபோய் என்வலப்பை சூசைதாசனின் கையில் திணித்தாள்.

"கோட்டு?" என்றார் அவர்.

"நாளைக்கு, அண்ணை!"

வான் போனது. வேலை தப்பியது. மூச்சு வாங்க போனை எடுத்தாள்.

"டொக்டர், அவையளுக்கு என்ன வைத்தியம் செய்யிறியள்?"

"பக்கத்திலை ஆரும் நிக்கினமோ?"

"ஒருத்தரும் இல்லை."

"போன மாதத்தோடையே அவையளுக்குச் சுகம். சண்டைக்குக் காரணமே ஆளையாள் காணாததுதான். இனி வரவேண்டாம் எண்டு சொல்ல வாய் வரேல்லை. மூண்டு மணி என்ரை சாப்பாட்டு நேரம். அறையைக் குடுத்தன். பிறகு..." டொக்டர் தொண்டையைச் செருமினார். "காட்ஸ் விளையாடுறம் பிள்ளை. அவையள் ரெண்டுபேரும் ஒரு கட்சி, நான் தனிக்கட்சி. கள்ளம் விளையாடியும் இண்டையோடை நாலு வியாழனும் தோத்துப்போனன்."