வரப்பில் பேசிய சம்பளம்

"கேளுங்க, கேளுங்க! கூலிக்காரப் பொம்பளைன்னு நம்பி ஓட்டுப் போட்டீங்களே, அந்தத் தங்கப்பொண்ணு திங்கக்கிழமை சட்டசபையில தன் சம்பளத்தைத் தானே கூட்டிக்கப் போகுது! கேளுங்க!"

பேரையூர் ரோட்டில் போன வாடகைக் காரின் குழாய் ஸ்பீக்கர் திடீரென்று அலறியதில், வயலில் இறங்கியிருந்த கொக்குகள் மொத்தமாக எழும்பின. நடவுக்கு வந்து வரப்பில் நின்ற பதினான்கு பெண்களில் ஒருத்தி கூடக் காரைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் தங்கள் நடுவே நின்ற தங்கப்பொண்ணு மேல்தான் இருந்தது.

எட்டு வருஷம் இந்தப் பெண்களின் நடவுக் கொத்துக்குக் கூலி பேசியவள் அவள். எண்பதாம் வருஷத் தேர்தலில் எம்.எல்.ஏ. ஆனாள். இரண்டு வருஷம் ஆகியும் சனிக்கிழமை ஊருக்கு வந்தால் முதலில் வருவது இந்த வரப்புக்குத்தான்.

"நெசமா?" என்றாள் ராமக்காள். தங்கப்பொண்ணுக்குப் பிறகு கூலி பேசும் பொறுப்பு இப்போது அவளுடையது.

"நெசந்தான் மதினி. சம்பளத்தைக் கூட்ட மசோதா வருது."

"யாரு கூட்டுறது?"

"நாங்கதான். மெம்பருக எல்லாம் சேந்து மேசையைத் தட்டுனா முடிஞ்சது."

ராமக்காள் இடுப்பில் கை வைத்தாள். "நம்ம கூலிய நம்மளே வச்சுக்கலாமா? இது தெரியாம ரெண்டு வருசமா வயக்காரரு நல்லகாமன் வீட்டு வாசல்ல நின்னு தொண்டத்தண்ணி வத்துனேனே!"

சிரிப்பு எழுந்தது. ஆனால் அந்தச் சிரிப்பில் தங்கப்பொண்ணுக்கு இடம் இல்லை. மசோதாவை எதிர்த்தால், இப்போது வாங்கும் சம்பளத்தில் இந்த வருஷத்தைத் தாண்ட முடியாது. காதில் கிடந்த தோடும் போன மாதம் அடகுக்குப் போய்விட்டது. ஆதரித்தால் இந்தப் பதினான்கு முகங்களையும் இனி நிமிர்ந்து பார்க்க முடியாது.

அவள் சட்டென்று செருப்பைக் கழற்றினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலுக்குள் இறங்கி, முழங்கால் சேற்றில் நின்றாள்.

"மதினி, நான் யாருகிட்ட வேலை பாக்குறேன்? உங்ககிட்டத்தானே. அப்ப நீங்க முதலாளி, நான் கூலி. வரப்புல நின்னு நீங்களே பேசுங்க. நீங்க சொல்றதுதான் என் கூலி."

ராமக்காளின் முகத்தில் ஒரு மிடுக்கு வந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக முதலாளி ஆகியிருக்கிறாள், விடுவாளா?

"எத்தன மணிக்கு வேலைக்குப் போவ?"

"பத்து மணிக்கு."

"பத்தா! அதுக்குள்ள நாங்க அரை வயல முடிச்சிருவோம். நின்னு பாக்குற வேலையா, உக்காந்தா?"

"உக்காந்துதான்."

"வெயிலு?"

"இல்ல. மேல ஃபேன் சுத்துது."

"அப்ப எட்டணாவக் கொறைங்கடி!" என்று பின்னாலிருந்து மாயக்காள் கத்தினாள். வயலே குலுங்கியது.

"கொறைங்க," என்றாள் தங்கப்பொண்ணு. "ஆனா செலவையும் கேளுங்க. வீட்டு வாசல்ல தெனம் இருவது பேரு. வந்தவுகளுக்கு டீ, மனு எழுதப் பேப்பரு, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டி…"

"டீ குடுன்னு யாரு கேட்டா?" என்றாள் ராமக்காள், விடாமல்.

"நீதான் மதினி. போன மாசம் உன் மாமியாருக்கு முதியோர் பென்சன் கேட்டு வந்தப்ப ரெண்டு கிளாஸ் குடிச்ச. ரெண்டாவதுக்குச் சீனி பத்தலைன்னு சொன்ன."

இந்த முறை சிரிப்பு ராமக்காளின் மேல் விழுந்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அந்நேரம் புல்லட்டை ரோட்டில் நிறுத்திவிட்டு வயலின் சொந்தக்காரர் நல்லகாமன் வந்தார். நடவு தொடங்காததைப் பார்த்து எரிச்சலோடு வந்தவர், விஷயம் புரிந்ததும் மீசையைத் தடவினார்.

"எங்கப்பா ரெண்டு தடவ எம்.எல்.ஏ.வா இருந்தாரு. சர்க்கார் சம்பளம்னு ஒத்தப் பைசா தொடல. தெரியும்ல?"

"ஊருக்கே தெரியும்ண்ணே. கையெடுத்துக் கும்பிடணும் அவுகளை," என்றாள் தங்கப்பொண்ணு. கேலி இல்லாமல்தான் சொன்னாள். "வந்து போறவுகளுக்கு உங்க வீட்டுல தெனம் பந்தி நடக்குமே. எப்படிண்ணே சமாளிச்சாக?"

நல்லகாமன் கண்மாய்க் கரைப் பக்கம் பார்த்தார்.

"கெணத்துமேட்டு ஆறு ஏக்கர வித்தோம்," என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "வெளிய சொல்லல."

"விக்க எனக்கு எந்த மேடுண்ணே இருக்கு?"

ராமக்காள் மற்றப் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு மூன்று தலைகள் அசைந்தன. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சரி தங்கம், முடிவச் சொல்றேன். கூட்டி வாங்கிக்க. நீ பசியில கெடந்தா எங்களுக்கு என்ன பேசுவ? ஆனா ஒண்ணு. எங்க கூலி இப்ப அஞ்சு ரூவா. அது ஆறாச்சுன்னா, உங்க எல்லாருக்கும் அஞ்சுல ஒரு பங்கு கூடட்டும். எங்களுக்கு ஏறலையா, உங்களுக்கும் ஏறக் கூடாது. இத அங்க எந்திரிச்சுச் சொல்லணும்."

இதைச் சபையில் சொன்னால் தங்கப்பொண்ணைக் கட்சிக்காரர்கள் கொன்றே விடுவார்கள். அடுத்த தேர்தலில் சீட் கனவிலும் கிடைக்காது. ஆனால் பேசி முடித்த கூலியிலிருந்து பின்வாங்கக் கூடாது என்பது அந்தக் கொத்தின் வழக்கம். அந்த வழக்கத்தை உண்டாக்கியவளே அவள்தான்.

"சொல்றேன் மதினி," என்றாள்.

திங்கட்கிழமை மசோதா வந்தது. ஆளும் வரிசையும் எதிர் வரிசையும் அன்று அண்ணன் தம்பி போல உட்கார்ந்திருந்தன. தட்டுவதற்கு எல்லாக் கைகளும் மேசைக்கு மேலே வந்தபோது, கடைசி வரிசையில் ஒரு கை மட்டும் இன்னும் உயரத்துக்குப் போனது.

தங்கப்பொண்ணு எழுந்தாள். நடவுக் கூலி ஏறும் விகிதத்தில்தான் உறுப்பினர் சம்பளமும் ஏற வேண்டும் என்று சட்டத்தில் எழுதச் சொன்னாள். சிலர் சிரித்தார்கள். ஒரு வயதான உறுப்பினர் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷத்தில் மசோதா ஒரு எழுத்தும் மாறாமல் நிறைவேறியது. ஆனால் அவள் பேசியது சபைக் குறிப்பில் ஏறிவிட்டது.

வெளியே தாழ்வாரத்தில் கட்சிக் கொறடா அவளை மறித்தார். முகம் சிவந்திருந்தது.

"சீட் குடுத்து உங்களை இங்க கொண்டு வந்தது கட்சி. யாரைக் கேட்டும்மா அப்படிப் பேசினீங்க?"

தங்கப்பொண்ணு கும்பிட்டாள்.

"சீட்டுக் குடுத்தது நீங்கதான்யா. வேலை குடுத்தது நாத்து நடுறவுக. கூலிய வேற யாருகிட்டக் கேக்கச் சொல்றீக?"