மாடலில் இல்லாத குழாய்கள்

போட்டோவுக்கு அசிங்கமாக இருக்கிறது என்று, அட்டை மாடலிலிருந்த நான்கு புகைக்குழாய்களையும் எங்கள் முதலாளி தன் கையாலேயே பிடுங்கி எடுத்தார். பல்கலைக்கழகத்துக்காக நாங்கள் வடிவமைக்கும் புதிய அறிவியல் வளாகம் அது. கீழே வேதியியல் ஆய்வகங்கள், மேலே அருங்காட்சியகம். ஆய்வகத்து அமிலப்புகை அருங்காட்சியகத்தின் நடுவே ஏறிக் கூரைக்கு மேலே போக வேண்டும். அப்படித்தான் நான் வரைந்திருந்தேன். போட்டோவைப் பார்த்த துணைவேந்தருக்குக் குழாயே இல்லாத அந்த அருங்காட்சியகக் கூடம் ஒரேயடியாகப் பிடித்துப்போயிற்று. திமிங்கல எலும்புக்கூட்டை அங்கேதான் தொங்கவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மாடலைப் பார்த்து வரைபடத்தைத் திருத்தும் அதிசயம் எங்கள் அலுவலகத்தில் நடந்தது.

"குழாயைப் பக்கவாட்டுல திருப்பி முற்றத்துல விட்டுடும்மா" என்றார் முதலாளி.

"ஆய்வகத்து ஜன்னல் எல்லாம் அந்த முற்றத்தைப் பாத்துதான் சார் இருக்கு. போன புகை அப்படியே திரும்பி உள்ள வரும்."

"வந்தா ஜன்னலச் சாத்திக்கட்டும். அவர் ஆசைப்பட்டுக் கேட்டதை நான் போய் முடியாதுன்னு சொல்லவா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அக்கா அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் ஆய்வக உதவியாளர். பழைய கட்டடத்தில் புகைபோக்கி பேருக்குத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குளிக்கிறாள். அப்படியும் அவள் தலையணையில் அந்தக் காட்டம் போவதில்லை. பேச ஆரம்பித்தால் பாதியில் இருமல் வந்து மறித்துவிடும். என்னோடு ஒரு சண்டையைக்கூட அவளால் முழுசாகப் போட முடிவதில்லை. "புதுக் கட்டடம் வந்துட்டா சரியாயிடும்டி. நீதானே வரையற" என்று போன வாரம்கூடச் சொன்னாள். செத்த திமிங்கலத்துக்குக் காற்றாட அவ்வளவு பெரிய கூடம். உயிரோடு இருக்கிறவள் ஜன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டுமாம்.

இறுதிக் கூட்டத்தில் துணைவேந்தர் மாடலைச் சுற்றிச் சுற்றி வந்தார். "பிரமாதம். இதுல எதையும் மாத்தாதீங்க" என்றார். முதலாளி வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"ஒண்ணு விட்டுப்போச்சு சார்" என்றேன்.

"இப்ப வேண்டாம்மா" என்று முதலாளி பல்லைக் கடித்தார்.

மேஜையில் கிடந்த நான்கு பென்சில்களை அள்ளினேன். கண்ணாடிக் கூரை என்று ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தகட்டில் ஒன்றை வைத்து அழுத்தினேன். தகடு டப்பென்று உடைந்தது. பென்சில் கூடத்தைத் துளைத்துக்கொண்டு ஆய்வகம்வரை இறங்கியது.

"இது வழியாத்தான் சார் புகை போகணும். இல்லன்னா கீழ இருக்கறவங்க நெஞ்சுக்குள்ள போகும்."

அடுத்ததையும் இறக்கினேன். அதற்கடுத்ததையும். மாடல் கூடத்தில் தொங்கவிட்டிருந்த தெர்மாகோல் திமிங்கலம் ஒரு பக்க நூல் அறுந்து, தலைகீழாக ஆடிக்கொண்டிருந்தது. துணைவேந்தர் அதைப் பார்த்தார், பிறகு என் கையில் மீதியிருந்த பென்சிலைப் பார்த்தார்.