நூற்றுப் பதினேழாம் ஆணி

என் கணவர் இரண்டு வேலை பார்க்கிறார். காலையில் பூட்டு விற்கிறார். பத்தரைக்கு மேல் நகரசபைத் தலைவராகி ஊரைப் பூட்டுகிறார். குற்றமாகச் சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன். அவர் பதவிக்கு வந்த இரண்டு வருஷத்தில் பூங்காவுக்குப் பூட்டு, நூலகத்துக்குப் பூட்டு, தெருக்குழாய்க்குக்கூடச் சின்னதாய் ஒரு பூட்டு. எல்லாம் எங்கள் கடைச் சரக்குதான். யாராவது கேட்டால், "பொதுச் சொத்துங்க, பாதுகாக்க வேணாமா?" என்பார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். தியாகிகள் தோற்றார்கள்.

கடையில் யாரும் ஊர்க்குறை பேசக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். தெருவிளக்கு எரியவில்லை என்று யாராவது வாயெடுத்தால், "இது கடை. மனுவா எழுதி ஆபீசுக்குக் கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அதே ஆபீசில் உட்கார்ந்து யாராவது பீரோவுக்கு நல்ல பூட்டு எது என்று கேட்டால், அரைமணி நேரம் விளக்குவார். அதற்கு மனு வேண்டியதில்லை.

அவர் ஆபீசுக்குப் போனதும் கடை என் தலையில். இரவு எட்டு மணிவரை நான்தான். எட்டடிக்குப் பத்தடிக் கடை. நான்கு சுவரிலும் பூட்டு. ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. வீட்டுக்குப் போக பஸ்ஸில் அரைமணி நேரம். ஆனால் தெருவுக்கு எதிர்ப்பக்கம், கடையிலிருந்து இருபதே எட்டில், நகரசபை கட்டிய பொதுக் கழிப்பறை இருக்கிறது. வெள்ளை ஓடு பதித்து, மேலே தண்ணீர்த் தொட்டி வைத்து, முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. இரண்டிலும் எங்கள் கடைப் பூட்டு. கட்டி முடித்து எட்டு மாதம் ஆகியும் திறக்கவில்லை.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். கல்வெட்டு.

உபதலைவர் அச்சகம் வைத்திருப்பவர். எழுத்து அளவில் அவரை ஏமாற்ற முடியாது. கல் வந்து இறங்கியதும் சட்டைப்பையிலிருந்து அடிக்கோலை எடுத்து அளந்தார். "தலைவர் பேரு நாலு அங்குலம், என் பேரு மூணேகால். நான் என்ன மட்டமா?" என்று ஒற்றைக்காலில் நின்றார். இரண்டாவது கல்லில் அவர் பெயரும் நாலு அங்குலம். இப்போது என் கணவர் முறுக்கிக்கொண்டார்: "அப்புறம் தலைவர்னு நான் எதுக்கு?" இரண்டு கல்லையும் கழிப்பறைக்குப் பின்னால் போட்டுவிட்டு மூன்றாவதற்குச் சொல்லி அனுப்பினார்கள்.

இதற்கிடையில் நான் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தேன். குடித்தால்தானே போக வேண்டும்? ஐந்தாவது மாதம் குளிர் காய்ச்சல் தூக்கிப் போட்டது. டாக்டரம்மா திட்டினார்: "இப்படி அடக்கி வெச்சா அடுத்த தடவை கிட்னில போய் நிக்கும். விளையாட்டா நினைக்காதீங்க." நான் பயந்துவிட்டேன். நிஜமாகவே பயந்து, வீட்டுக்கு வந்து அழுதேன்.

"என்னங்க, அந்தப் பின்கதவையாவது திறந்து விடுங்களேன்."

"திறப்பு விழா ஆகாம எப்படிம்மா? ஒரு முறைன்னு இருக்கில்ல?"

"எனக்கு உடம்புக்கு முடியலைங்க."

"உனக்காகத் திறந்தேன்னு ஊர் பேசாதா? வேணும்னா ஒரு மனு குடு."

மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கொடுத்தேன். ஒரு முழுத்தாளில் எழுதி, பூட்டுக்கடை விலாசம் போட்டு, தபாலில் சேர்த்தேன். பதினோராம் நாள் பதில் வந்தது. 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.' கீழே அவர் கையெழுத்து. காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷன்! அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் சாவிப் பலகை கண்ணில் பட்டது.

எங்கள் கடைக்கு என்று ஒரு வழக்கம் உண்டு, மாமனார் காலத்திலிருந்து. எந்தப் பூட்டை விற்றாலும், வாங்கியவரிடம் சொல்லிவிட்டு ஒரு சாவியைக் கடையில் நிறுத்திக்கொள்வோம். சுவரில் நீளப் பலகை, அதில் ஆணிகள், ஆணிக்கு எண், அதே எண் பூட்டின் அடியிலும் சாவியிலும். சாவியைத் தொலைத்தவர்கள் எங்களிடம்தானே ஓடி வர வேண்டும்? நூற்றுப் பதினேழாம் ஆணியில் கழிப்பறைப் பின்கதவின் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழேதான் ஐந்து மாதமாக அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

மறுநாள் போனேன். அதற்கடுத்த நாள் பக்கத்துக் கடைத் தையல்காரம்மாவையும் கூட்டிக்கொண்டேன். அப்புறம் காய்கறிக்கார அக்கா, அவர் மூலமாகச் சந்தைப் பெண்கள் எல்லோரும். முறைபோட்டுக் கழுவினோம். கழித்துப்போட்ட கல்வெட்டுகள் இரண்டும் சேறு படாமல் நிற்க வசதியாக இருந்தன. மூன்று மாதம் நடந்தது. நகரசபைக்கு மூச்சுக்கூடப் போகவில்லை. நான் பழையபடி தண்ணீர் குடித்தேன்.

மூன்றாவது கல் வந்தது. தலைவருக்கு நாலு அங்குலம், உபதலைவருக்கு மூணேமுக்கால் என்று சமாதானம். காலை பத்து மணிக்குத் திறப்பு விழா. பந்தல், நாற்காலி, ரிப்பன் எல்லாம் தயார். பத்தே முக்காலுக்கு உபதலைவர் வீட்டிலிருந்து செய்தி வந்தது: அழைப்பிதழில் தன் படம் சிறியதாக இருக்கிறதாம், வர மாட்டாராம். அழைப்பிதழை அச்சடித்ததே அவர் அச்சகம்தான்! ஆள்மேல் ஆள் போய்க் கெஞ்சினார்கள். என் கணவர் பந்தலில் உட்கார்ந்து, வந்தவர் போனவரோடெல்லாம் டீ குடித்தார். பன்னிரண்டு மணிக்குக் கடைக்குள் வந்தார். நடையே சரியில்லை.

"வீட்டுக்குப் போயிட்டு வந்துடவா?" என்றார் மெதுவாக.

"அரைமணி நேரம் ஆகுமே. தாங்குவீங்களா?"

நெற்றியெல்லாம் வியர்வை. கொஞ்ச நேரம் விட்டுப் பார்க்கலாமா என்று தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். பாவமாகவும் இருந்தது. நூற்றுப் பதினேழை எடுத்து நீட்டினேன்.

"பின்பக்கமா போங்க."

சாவியைப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"எப்போலேர்ந்து?"

"மூணு மாசமா. இப்ப திட்டப் போறீங்களா, போகப் போறீங்களா?"

ஓடினார். நானும் பின்னாலேயே போனேன். அங்கே சாவிக்கு வேலையே இல்லை. கதவைக் காலையிலேயே நான் திறந்து வைத்திருந்தேன். வெளியே ஐந்து பெண்கள் வரிசை. கடைசியில் மிச்சமிருந்த இடம், முதல் கல்வெட்டின் மேல். நாலு அங்குலத்தில் இருந்த தன் பெயர்மேல் இரண்டு காலையும் ஒட்டி வைத்துக்கொண்டு தலைவர் நின்றார்.

காய்கறிக்கார அக்கா திரும்பிப் பார்த்தார். "என்ன தலைவரே, மனு குடுத்தாச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அக்காதான், "சரி, மனுஷனை விடுங்கடி, பாவம்" என்று வழிவிட்டார்.

ஒரு மணிக்கு உபதலைவர் வந்தார். ரிப்பன் வெட்டினார்கள். 'இன்று முதல் மக்கள் பயன்பாட்டுக்கு' என்று ஆரம்பித்த என் கணவர், எதிரில் உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்ததும் இருமலில் பேச்சை முடித்துக்கொண்டார். கூட்டம் கலைந்ததும் பழக்க தோஷத்தில் முன்கதவைப் பூட்டினார்.

"திறந்தாச்சே, மறுபடி எதுக்குப் பூட்டு?" என்றேன்.

"பராமரிப்புக்கு ஆள் போட வேணாமா? அடுத்த கூட்டத்துல வெச்சுப் பேசணும்."

நூற்றுப் பதினாறாம் ஆணியிலிருந்து முன்கதவுச் சாவியை எடுத்துப்போய், முன்பூட்டைக் கழற்றி வந்து, துடைத்து, அவர் கல்லாவில் போட்டிருந்த இன்னொரு சாவியையும் கோத்து, கண்ணாடி அலமாரியில் விற்பனைக்கு வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் ஒருவர் அதையே கேட்டு வாங்கினார். பில் போட்டது என் கணவர்தான். பூட்டைத் திருப்பி அடியில் இருந்த எண்ணைப் படித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். எதிரில், ஆள் போடாத கழிப்பறையின் முன்கதவு அகலத் திறந்து கிடந்ததையும் பார்த்தார்.

வழக்கப்படி ஒரு சாவியை நிறுத்திக்கொண்டு, நூற்றுப் பதினாறில் மாட்டினார்.