மாப்பிள்ளை தின்னாத ஈரல்

உகாண்டாவில் எங்கள் புகண்டாப் பகுதியில் மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துப் பேசக் கூடாது. பேசினால் கை நடுக்கம் வந்துவிடுமாம். என் கணவர் செங்கெண்டோ கால்நடை மருத்துவர். சுற்றுவட்டாரத்துக் கோழி, ஆடு, பன்றி எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்ப்பார். என் அம்மாவின் கோழிப்பண்ணைக்குள் மட்டும் கல்யாணமான நாளிலிருந்து கால் வைத்ததில்லை. ஊரிலுள்ள கோழிக்கெல்லாம் கிடைத்த யோகம் மாமியார் வீட்டுக் கோழிக்குக் கிடைக்கவில்லை. இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அம்மா இருக்கும் முகோனோவுக்குப் போயிருந்தோம். செங்கெண்டோ கூடத்தில் உட்கார்ந்தார். அம்மா என்னைச் சமையல்கட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"கோழியெல்லாம் சாவுதுடி."

"எப்போலேருந்து?"

"மழை ஆரம்பிச்சதுலேருந்து. சாயங்காலம் வயிறு முட்டத் தின்னுது. காலையில போய்ப் பார்த்தா விறைச்சுக் கெடக்குது. மருந்துக் கடைக்காரன் ஏதோ பொடி குடுத்தான், தொத்து வியாதின்னான். ஒண்ணும் கேக்கல. மத்தியானம் கோழி வியாபாரி முவோங்கே லாரி கொண்டாறான். மொத்தத்தையும் கறிக்கு ஏத்தி விடப்போறேன்."

"வீட்டுலயே டாக்டர் இருக்காரு. அவர்கிட்டச் சொன்னா என்ன?"

"மாப்பிள்ளைகிட்டப் போய் என் வீட்டு அசிங்கத்தை அவுத்துக் காட்டச் சொல்றியா? மானம் போயிடும்."

மானத்தைப் பிடித்துக்கொண்டு கோழியை விடப் பார்க்கிறாள்! கத்தவேண்டும் போல் இருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் கோபம் அடங்கிவிட்டது. அப்பா போன பிறகு அவளைத் தூக்கி நிறுத்தியது அந்தக் கோழிகள்தான். என் தம்பிகளைப் படிக்க வைத்ததும் அந்த முட்டைகள்தான். கூண்டுகள் காலியாகிவிட்டால் காலையில் அவள் எதற்காக எழுந்திருப்பாள்? எனக்குப் பயமாக இருந்தது.

விருந்துக்கு ஒரு கோழியை அறுத்து வைத்திருந்தாள். "இதையா அவருக்கு வைக்கப்போற?" என்றேன்.

"இது நல்ல கோழிடி. தூக்கிப் பாரு, என்ன கனம்! மத்ததுதான் சீக்கு."

சீக்குக்கும் நல்லதுக்கும் நடுவே அம்மா போட்டிருந்த வேலி அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது. கோழியைச் சுத்தம் செய்தேன். ஈரல் நெய் நிறத்தில் இருந்தது. விரல் பட்ட இடம் குழைந்தது. "பாத்தியா, கொழுப்பு எப்படிப் பிடிச்சிருக்கு! செழிப்பா வளத்திருக்கேன்," என்று அம்மா அந்த நேரத்திலும் பெருமைப்பட்டுக்கொண்டாள். ஈரலும் இரைப்பையும் எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளையின் பங்கு. எல்லாவற்றையும் சேர்த்து வாழையிலையில் கட்டி அவித்தோம்.

நான் எங்கள் வழக்கப்படி மண்டியிட்டு இலைக்கட்டை அவர் முன்னால் பிரித்து வைத்தேன். செங்கெண்டோ முதலில் ஈரலைத்தான் எடுத்தார். பிட்டார். சன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு அப்படியே இலையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க அம்மா கோழிங்க சாவுதா?" என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது.

"என்னடி, மாப்பிள்ளை சாப்பிடலையா?" அம்மாவின் குரல் கிறீச்சிட்டது. "உப்பு போதலையா? மாமியார் குடுத்த கோழியை ஒதுக்கினா பொண்ணையே ஒதுக்கின மாதிரிடி! ஐயோ, நீ என்ன பண்ணித் தொலைச்ச?"

"நான் ஒண்ணும் பண்ணல. நீதான் பண்ணியிருக்க போல!"

ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாகவே காதில் விழுந்தது. ஆனாலும் நான் திருப்பிச் சொன்னால்தான் கேட்டதாகக் கணக்கு. கிளிப்பிள்ளையாக நடுவில் உட்கார்ந்தேன்.

"தீவனத்துல என்ன போடறாங்கன்னு கேளு," என்றார் அவர்.

"சோளம். முதல் தரச் சோளம்," என்றாள் அம்மா.

"ஏரி மீன் கருவாட்டுத் தூள் போடறதில்லையா?"

"மழைக்கு முன்னாடியே அதை நிறுத்திட்டேன். முட்டையில மீன் கவுச்சி அடிக்குதுன்னு பேக்கரிக்காரன் மூஞ்சியைச் சுளிச்சான்."

"சோயாவாவது?"

"சோளத்துலயே நல்லாக் குண்டாகுதுங்களே. அப்புறம் சோயா எதுக்குன்னு அதையும் விட்டுட்டேன்."

செங்கெண்டோ எழுந்துவிட்டார். "இன்னைக்குச் செத்தது ஏதாவது இருக்கா?"

காலையில் செத்தது சாக்கில் கிடந்தது. பலா மரத்தடியில் வைத்து அதை அறுத்தார். கொண்டை வெளுத்திருந்தது. வயிற்றுக்குள் இரத்தம் உறைந்து கிடந்தது. ஈரல் அதே மஞ்சள், ஓரத்தில் கிழிசல். மூச்சுக்குழாயைப் பார்த்தார், குடலைப் பார்த்தார். மெதுவாக அவர் முகம் தெளிந்தது.

"இது தொத்து வியாதி மாதிரி இல்ல," என்றார். "சோளத்தைத் தின்னுட்டு ஈரல் கொழுப்பை உண்டாக்கிட்டே இருக்கு. அந்தக் கொழுப்பு முட்டைக்குப் போய்ச் சேரணும். கொண்டுபோறதுக்குப் புரதம் வேணும். மீன்லயும் சோயாவிலயும் இருக்கற அமினோ அமிலத்தை வெச்சுத்தான் ஈரல் அதைச் செய்யும். முக்கியமா மெத்தியோனின். அது போதலன்னா கொழுப்பு ஈரல்லயே தங்கிடும். அப்புறம் முட்டை இட முக்கும்போது ஈரல் கிழிஞ்சு, ரத்தம் உள்ளயே கொட்டிடும்."

இதை அப்படியே எப்படிச் சொல்வது? வாழைத் தோப்புக்குப் பின்னால் நின்ற அம்மாவிடம் போனேன். "தோட்டத்துல மட்டோக்கே வாழைக்காய் தார் தாராக் குவிஞ்சு கெடக்கு, ஏத்திட்டுப் போக லாரியே வரலன்னு வெச்சுக்கோ. அதுதான் உன் கோழி ஈரல்," என்றேன்.

அந்த நேரம் பார்த்து நிஜ லாரி வந்து நின்றது. முவோங்கே குதித்து இறங்கினான். "கூண்டைத் திறங்கம்மா, நேரமாகுது!"

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மிச்சம் இருக்கறதெல்லாம் பிழைக்குமான்னு கேளுடி."

நான் திரும்பி வாயைத் திறப்பதற்குள், "பிழைச்சுக்கும் அம்மா," என்றார் செங்கெண்டோ, வாழை மரங்களைப் பார்த்து. எனக்காகக் காத்திருக்கவில்லை. "சோளத்தைக் குறைங்க. மீனையும் சோயாவையும் திரும்பச் சேருங்க. தீவனத்துல கலக்க மருந்து நான் அனுப்பறேன். இன்னும் ஒண்ணு ரெண்டு போகலாம். மத்ததெல்லாம் தேறிடும்."

அம்மா ஓடவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு, அவளும் நேராகவே கேட்டாள். "அப்ப நான்தான் கொன்னேனா?"

"செல்லம் கொஞ்சம் அதிகமாப் போச்சு. அவ்வளவுதாம்மா."

அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுகை நடுவழியில் சிரிப்பாக மாறியது. அப்படியே முவோங்கேயிடம் நடந்தாள். "லாரியைத் திருப்பிட்டுப் போ. என் கோழிக்குத் தொத்து வியாதி இல்ல."

"இம்புட்டுக் கொழுத்த கோழியை விட்டுட்டுப் போகச் சொல்றீங்களே!"

"கொழுப்பைப் பத்தி எங்கிட்டப் பேசாத, போடா!"

லாரி காலியாகப் புறப்பட்டது. எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்தது போல் இருந்தது. அம்மா கூண்டுகளின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "ஒரு வாரமாக் கண்ணை மூடலடி," என்றாள். இனிச் சோளம் எவ்வளவு, மீன் எவ்வளவு என்று அவரிடம் கேட்டுக்கொண்டு வந்து பார்க்கிறேன், கோழிகள் போடும் அத்தனை சத்தத்துக்கும் நடுவில், கம்பியில் தலையைச் சாய்த்து, பட்டப்பகலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

"எழுப்பாத," என்றார் செங்கெண்டோ தோப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து.